கியர் சைக்கிளும் ஒரு பழைய துண்டும்

எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் பால் பாக்கெட் வருவதற்கு முன்பே சைக்கிள்காரர்கள் வந்துவிடுகிறார்கள். கிழக்குத் தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் என்று பல திசையிலிருந்தும் கிளம்பி, வண்டலூரில் திரும்பிக் கேளம்பாக்கம் சாலையைப் பிடிப்பவர்கள் ஒரு வகை. இவர்கள் தார்ச்சாலைக்காரர்கள். இன்னொரு வகையும் சமீப வருஷங்களில் பெருகியிருக்கிறது. தடித்த டயரும் முன்பக்கம் ஸ்பிரிங்கும் வைத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு நெடுங்குன்றம், கொளப்பாக்கம், மேலக்கோட்டையூர், மாம்பாக்கம் பக்கத்தில் ஏரிக்கரை, மண்பாதை, பாறைச் சரிவு என்று தேடிப் போகிறவர்கள். அந்த வண்டிக்கு மவுண்டன் பைக் என்று பெயராம். நம் தெருவில் எதுவானாலும் 'கியர் சைக்கிள்' தான்.

இவர்களைப் பற்றி நம் வயதுக்காரர்கள் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டிருக்கிறேன். "கையைக் காலை உடைத்துக்கொள்வதற்கு இத்தனை ஆயிரம் கொடுக்க வேண்டுமா சார்?" என்பார் ஒருவர். "என் பேரனை அனுப்பவே மாட்டேன்" என்பார் இன்னொருவர். நான் இந்தக் கட்சியில் இல்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடப்பதைவிட இருபது வயதில் மேட்டில் ஏறி மூச்சு வாங்குவது நல்லது. போகட்டும். ஆனால் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது என் கட்சி. அதோடு இன்னொன்றும் சேர்த்துச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: அந்தப் பிள்ளைகள் பையில் எடுத்துப் போக வேண்டியது கொஞ்சம்தான். முதலுதவி என்ற பெயரில் நாம் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருவதில் கைவிட வேண்டியது அதைவிட நிறைய.

முதலில் இடத்தைப் பற்றி. சுவிட்சர்லாந்து மலையைப் படத்தில் பார்த்துவிட்டு எழுதிய சாமான் பட்டியல் நமக்கு உதவாது. நம் குன்றுகள் சின்னவை. பல்லாவரம், திரிசூலம், பச்சைமலை, திருநீர்மலை, வண்டலூர் எல்லாமே கருங்கல். அந்தக் கல்லை உடைத்துத்தான் இந்த நகரத்தின் பாதி எழும்பியது. உடைத்தவர்கள் விட்டுப் போனது இரண்டு: ஆழம் தெரியாத குட்டைகளும் பாதையெங்கும் சிதறிக் கிடக்கும் சல்லியும். சல்லி மேல் வேகமாக இறங்கும்போது முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் முன்சக்கரம் நின்றுவிடும், மனிதன் நிற்க மாட்டான். கைப்பிடிக்கு மேலாகப் பறந்து தோளில் விழுவான். புதிதாக ஓட்டுகிறவர்களுக்குக் காறை எலும்பு முறிவது பெரும்பாலும் இப்படித்தான். அடுத்தது சீமைக் கருவேல முள். டயரையும் துளைக்கும், உள்ளங்கையையும் துளைக்கும். பிறகு தெருநாய். புதர் ஓரத்தில் பாம்பு. எல்லாவற்றுக்கும் மேலே வெயில். பங்குனி பிறந்துவிட்டால் எட்டு மணிக்கே பாறை சுட ஆரம்பித்துவிடும்.

போன மார்கழியில் எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் கல்லூரிப் பையன் இப்படித்தான் விழுந்தான். பழைய குவாரி ஒன்றின் பக்கத்துச் சரிவு. அவனோடு வந்த நண்பன் முன்னால் போய்விட்டான். பக்கத்து மனைப்பிரிவில் நடைப்பயிற்சிக்கு வந்த நாலைந்து பேர் ஓடி வந்திருக்கிறார்கள். எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் நம் வயது. ஒருவர் முகத்தில் தண்ணீர் அடித்தார். ஒருவர் சோடா வாங்கி வர ஆள் அனுப்பினார். ஒருவர் தோள்மூட்டு இறங்கிவிட்டது என்று தீர்மானித்து, "கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோ தம்பி" என்று கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். நாலாமவர் 108-ஐ அழைக்க வேண்டாம், போலீஸ் கேஸாகிவிடும் என்றார். உருப்படியாக உதவியது அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா. "இழுக்காதீங்கய்யா, எலும்பு ஒடிஞ்சிருக்கும்" என்று அதட்டிவிட்டு, தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, அவன் முழங்கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துத் தூளி மாதிரி கட்டிவிட்டார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்த டாக்டர், காறை எலும்பு முறிவுக்கு அந்தக் கட்டு சரியான கட்டு என்றாராம். பையன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். எனக்கு அந்தக் கையை இழுக்க வந்தவரை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. முறிந்த எலும்பின் முனைக்குப் பக்கத்திலேயே ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன.

ஆகவே பையில் முதலில் வைக்க வேண்டியது ஒரு துண்டு. புதிது வேண்டாம். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன, அகலமான பருத்தித் துண்டு, வெயிலில் காய்ந்து சுத்தமாக இருந்தால் போதும். கை முறிந்தால் தூளி, கால் முறிந்தால் குச்சியைச் சேர்த்துக் கட்டும் கட்டு, ரத்தம் பெருகினால் அழுத்தும் துணி, வெயிலில் நனைத்துத் தலையில் போடத் தலைப்பாகை. முதலுதவி வகுப்பில் முக்கோணக் கட்டு என்று சொல்லித் தருவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு மீட்டர் சதுரத் துணியை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணக் கட்டு. நம் அப்பாக்கள் எல்லாரும் துண்டு இல்லாமல் வாசற்படி தாண்டியதில்லை. நாம்தான் பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு அதை விட்டோம்.

இரண்டாவது, தண்ணீர். ஒரு பாட்டில் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. ஒன்று குடிக்க, ஒன்று கழுவ. சரளையில் உராய்ந்து தோல் வழண்டு போன காயத்துக்கு முதல் மருந்து தண்ணீர்தான். மண்ணும் கல்துகளும் போகும்வரை தாராளமாக ஊற்றிக் கழுவ வேண்டும். அதன்மேல் வைக்கச் சுத்தமான காஸ் துணி, சுற்ற ஒரு ரோலர் பேண்டேஜ், ஒட்ட ஒரு பிளாஸ்டர் சுருள். பஞ்சை நேராகக் காயத்தில் வைத்தால் இழை ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது உயிர் போகும். போவிடோன் அயோடின் சின்ன டியூப் ஒன்று இருக்கட்டும்.

இங்கேதான் நம் தலைமுறையோடு சண்டை. காயத்தில் காப்பித்தூள் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மஞ்சள்தூள், அடுப்புச் சாம்பல், பேனா மை, தீக்காயமென்றால் பற்பசை. மஞ்சளுக்குக் கிருமியை எதிர்க்கும் குணம் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் மளிகைக் கடை மஞ்சள்தூளில் மஞ்சள் மட்டும்தான் இருக்கிறது என்று உங்களால் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா? என்ன தூளாக இருந்தாலும் அது காயத்துக்குள் போன அன்னியப் பொருள். டாக்டர் தையல் போடுவதற்கு முன்னால் அதையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றி, 'எரிந்தால்தான் வேலை செய்கிறது' என்று சொல்வதும் இதே வகையறா. எரிவது கிருமி மட்டுமல்ல, ஆற வேண்டிய சதையும்தான்.

ரத்தம் நிற்காமல் வந்தால் சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்த வேண்டும். பத்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. நடுவில் நின்றுவிட்டதா என்று துணியை எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. முள் தோலுக்கடியில் மேலாகத் தெரிந்தால் சிமிட்டாவால் எடுக்கலாம். ஆழமாகக் குத்தி நிற்கிற குச்சியையோ கம்பியையோ பிடுங்கக் கூடாது. அடைப்பாக நிற்பதே அதுதான், அசையாமல் சுற்றிலும் துணி வைத்துக் கட்டி அப்படியே ஆஸ்பத்திரிக்கு. மண்ணில் விழுந்த காயமென்றால் தனுர்வாத ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று கேட்பார்கள். அந்தத் தேதி தெரிந்திருக்க வேண்டும்.

தலையில் அடி என்றால் பேச்சே வேறு. தலைக்கவசம் பையில் வைக்கும் சாமான் அல்ல, தலையில் இருக்கும் சாமான். கைப்பிடியில் தொங்கவிட்டுப் போகிற மகானுபாவர்களையும் பார்க்கிறேன். விழுந்தவன் மயங்கிக் கிடந்தால் தூக்கி உட்கார வைக்காதீர்கள், முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள், வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றவே ஊற்றாதீர்கள். மயக்கத்தில் இருப்பவனுக்கு விழுங்கத் தெரியாது, அது மூச்சுக்குழாய்க்குப் போகும். கழுத்தெலும்பு அடிபட்டிருக்கலாம் என்பதால் மூச்சுக்குத் தடை இல்லாதவரை கவசத்தையும் கழற்ற வேண்டாம். வாந்தி வந்தால் மட்டும் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, தலை, கழுத்து, உடம்பு மூன்றும் ஒரே கட்டையாக வருமாறு ஒருக்களித்துப் பிடிக்க வேண்டும். எழுந்துவிட்டான், 'ஒன்றுமில்லை அங்கிள்' என்கிறான் என்றாலும் சும்மா விடக் கூடாது. மறுபடி மறுபடி வாந்தி, தூக்கக் கலக்கம், கேட்டதையே கேட்பது, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிவது, இரண்டு கண்ணின் பாப்பாவும் ஒரே அளவில் இல்லாதது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரி. வலிக்கிறது என்று கண்ட மாத்திரையையும் கொடுத்துவிடாதீர்கள். ஆஸ்பிரின் மாதிரி சில மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டும். வலிப்பு வந்தவன் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதைப் பற்றி நான் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

பாம்பு. நம் பக்கத்துக் காட்டில் மயிலும் உண்டு, பாம்பும் உண்டு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், ஆளைக் கொல்லும் கடிகளில் மிகப் பெரும்பங்கு இந்த நாலுக்குத்தான். கடித்த இடத்துக்கு மேலே கயிறு போட்டு இறுக்குவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாமே சினிமா. கயிறு இறுகிய கை கால் அழுகிப் போய் எடுக்க வேண்டி வந்த கதைகள் உண்டு. கீறினால், ரத்தம் உறையாமல் செய்யும் விரியன் விஷத்தில் ரத்தம் நிற்கவே நிற்காது. செய்ய வேண்டியது இவ்வளவே: மோதிரம், கடிகாரம், கால் சங்கிலியைக் கழற்று, கடிபட்ட கை காலை முறிந்த எலும்பைப் போலவே பாவித்து அசையாமல் கட்டு, நடக்க விடாதே, ஓடவோ சைக்கிள் மிதித்துக்கொண்டே போகவோ விடவே விடாதே, வண்டியில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குப் போ. பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. மேலே சொன்ன நாலு விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் நம் நாட்டில் கொடுக்கிறார்கள்.

அந்த மருந்து எங்கிருந்து தொடங்குகிறது தெரியுமா? நம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில். 1978-ல் அங்கே தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் பாம்பிடமிருந்து விஷத்தைக் கறந்து எடுத்து, மருந்து தயாரிப்பவர்களுக்கு அனுப்புகிறார்கள். பாம்பைக் கொல்வதில்லை, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்தச் சங்கத்து வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் வரை மிதிக்கும் பிள்ளைகள் அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்தால் எந்தப் புத்தகமும் சொல்லித் தராததைத் தெரிந்துகொள்ளலாம்.

நாய்க்கடி, என்னைக் கேட்டால், நம் பக்கத்தில் பாம்பைவிடப் பெரிய விஷயம். ஓடுகிற சக்கரத்தைக் கண்டால் துரத்துவது நாயின் சுபாவம். இறங்கி, சைக்கிளை நடுவில் நிறுத்திக்கொண்டு, மெதுவாக நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கடித்துவிட்டாலோ, பல் கீறினாலோகூட, பையில் இருக்கும் துண்டு சோப்பை எடுக்க வேண்டும். ஆமாம், சோப்பு. குளியல் சோப்பு தேய்ந்து மிஞ்சும் வில்லை போதும். சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பக்கத்தில் எந்த வீட்டுக் குழாய் இருந்தாலும் கேட்டு வாங்கிக் கழுவலாம். அதன் பிறகு அன்றைக்கே தடுப்பூசி.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் லூயி பாஸ்தேர் எங்களுக்குக் கிட்டத்தட்டக் குலதெய்வம். 1885 ஜூலையில், நாய் கடித்த ஒன்பது வயதுப் பையன் ழொசேஃப் மெய்ஸ்தருக்கு அவர் ஊசி போட வைத்த கதையைச் சொல்லும்போது எங்கள் முசியேவின் குரல் தழுதழுக்கும். அந்த ஊசி தென்னிந்தியாவுக்கு வர நாளாயிற்று. 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வருவதற்கு முன் இமயமலை அடிவாரம் தாண்டிக் கசௌலிக்குப் போக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் என்னென்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் வயதுக்காரர்களுக்கு நாய்க்கடி என்றாலே தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்கிற பயம் இன்னும் மனசில் இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லிப் பேரப்பிள்ளைகளையும் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். பிள்ளை கீறலை மறைத்துவிடுகிறான். இப்போது அப்படி இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் கையில்தான் போடுகிறார்கள். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். ஆழமான கடியென்றால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள். நோய் வெளிப்பட்டுவிட்டால் உலகத்தில் எந்த டாக்டராலும் அநேகமாக ஒன்றும் செய்ய முடியாது. வெளிப்படுவதற்கு முன்பு ஏறக்குறைய முழுவதுமாகத் தடுக்க முடியும். பதினாலு ஊசிக் கதையைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

வெயிலுக்கு ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு. பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அழகான டப்பாவில் வரும் இனிப்புப் பானம் வேறு, இது வேறு. கிடைக்காவிட்டால் வீட்டிலேயே ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. 1971-ல் வங்காளதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனபிஸ் என்பவர் இந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கொண்டே ஏராளமான உயிரைக் காப்பாற்றினார். மோரும் நல்லதுதான், உப்புப் போட்டு. வியர்வை நின்றுபோய், உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அது சாதாரணக் களைப்பு அல்ல. நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

சைக்கிளுக்கான சாமானைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, கடைக்காரரே விற்றுவிடுவார். மாற்று டியூப் ஒன்று, டயர் நெம்பும் பிளாஸ்டிக் கரண்டி இரண்டு, கைப்பம்பு, ஒட்டுப் பொட்டலம், ஆலன் கீ மடக்கு, அவ்வளவுதான். பஞ்சர் ஒட்டும் ரப்பர் வில்லைக்குப் பிரெஞ்சில் 'ருஸ்தீன்' என்று பெயர். லூயி ருஸ்தேன் என்கிற மனிதரின் பெயரே பொருளின் பெயராகிவிட்டது. இன்னொரு பிரெஞ்சு சமாசாரம் உண்மையிலேயே தொந்தரவு கொடுக்கும். விலை கூடின சைக்கிள்கள் பலவற்றில் டியூபின் வால்வு ஒல்லியாக இருக்கும். அதற்குப் பிரெஞ்சு வால்வு என்றே பெயர். நம்மூர் பஞ்சர் கடை காற்றுக்குழாய் அதில் உட்காராது. கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஃபாரின் ஐயிட்டம் சார், நம்மகிட்ட ஆவாது" என்பார். சின்னப் பித்தளைத் திருகு ஒன்று விற்கிறார்கள், அதை வால்வில் மாட்டினால் எந்தக் கடையிலும் காற்று அடிக்கலாம். சட்டைப்பொத்தான் அளவுகூட இல்லை, அதை வாங்கச் சொல்லி யாரும் சொல்வதில்லை.

கருவியும் கைத்திறனும் இல்லாமல் மலையேறுவதைப் பற்றி எங்கள் முசியே சொன்ன இன்னொரு கதையும் உண்டு. 1913 தூர் தெ ஃபிரான்ஸ் பந்தயத்தில் எழேன் கிரிஸ்தோஃப் என்ற வீரர் தூர்மாலே கணவாயிலிருந்து இறங்கும்போது முன்சக்கர ஃபோர்க் முறிந்துவிட்டது. யாரிடமும் உதவி வாங்கக் கூடாது என்பது விதி. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடந்து அடிவாரக் கிராமத்துக் கொல்லர் பட்டறைக்குப் போய், தானே இரும்பைக் காய்ச்சி அடித்துச் சரிசெய்தார். துருத்தி ஊத மட்டும் ஒரு சின்னப் பையன் கை கொடுத்தான். அதற்கும் அபராத நேரம் போட்டார்கள். ஆபீஸில் முப்பது வருஷம் விதிமுறைப் புத்தகத்தோடு குடித்தனம் செய்தவன் நான். எனக்கே அந்த அபராதம் அதிகப்படியாகத்தான் தெரிகிறது.

நம் பந்தயத்தில் அந்த விதி இல்லை. உதவி வாங்கலாம், வாங்க வேண்டும். அதனால்தான் தனியாகப் போகக் கூடாது என்கிறேன். எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கழுத்தில் ஒரு விசில். குவாரிப் பள்ளத்தில் விழுந்தவன் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போவான், விசில் கட்டாது. நன்மங்கலம், வண்டலூர் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதை வீரம் என்று நினைப்பவர்களுக்கு 2018 மார்ச் 11 ஞாபகம் இருக்க வேண்டும். தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக்காரர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்கள் அதில் நிறைய. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. காட்டுக்குள் யார் போயிருக்கிறார்கள் என்று வனத்துறைக்குத் தெரிந்திருப்பது நமக்கு விரோதமான காரியம் அல்ல.

பையில் வைக்க வேண்டிய காகிதம் ஒன்று இருக்கிறது. குமாஸ்தா புத்தி, விடாது. அரைப்பக்கத்தில் பெயர், வயது, ரத்த வகை, ஒவ்வாத மருந்து, தினமும் சாப்பிடும் மாத்திரை, தனுர்வாத ஊசி போட்ட தேதி, வீட்டில் இரண்டு பேரின் தொலைபேசி எண். பிளாஸ்டிக் உறையில் போட்டு, பையின் வெளி அறையில் வைக்க வேண்டும். 'எல்லாம் போனில் இருக்கு தாத்தா' என்பார்கள். போன் பூட்டியிருக்கும், அல்லது கண்ணாடி நொறுங்கியிருக்கும். ஓய்வு பெற்றபின் சைக்கிள் வாங்கியிருக்கும் நம் நண்பர்களுக்கு இந்தக் காகிதம் இன்னும் முக்கியம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலையில் லேசான அடியும் லேசானது அல்ல, பார்க்கும் டாக்டருக்கு அது உடனே தெரிய வேண்டும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் சட்டைப் பையில் கடலை மிட்டாயோ குளுக்கோஸோ இல்லாமல் மிதிக்கக் கூடாது. மார்பில் அழுத்தினால் வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காரக் கூடாது.

108-ஐ அழைத்தால் போலீஸ் கேஸாகும் என்று அன்று தடுத்த பெரியவருக்கு ஒரு வார்த்தை. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், விபத்தில் சிக்கியவருக்கு உதவுபவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வழிகாட்டு நெறிகளுக்கு உறுதி கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று பிரிவு சேர்த்துவிட்டார்கள். சாலையில் அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு நீங்கள் பாட்டுக்கு வீட்டுக்கு வரலாம், பெயர் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சாலை விபத்தென்றால் பணத்துக்கும் பயப்பட வேண்டாம். 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கி வைத்த 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்திருக்கும் ஆஸ்பத்திரிகளில் இலவசம். ஆம்புலன்ஸ் வரும் இடத்தைச் சொல்லும்போது 'மலைக்குப் பக்கத்தில்' என்றால் அவர்களுக்கு என்ன தெரியும்? எந்தச் சாலை, எந்தக் கோயில், எந்தப் பள்ளிக்கூடம், அங்கிருந்து எந்தப் பக்கம் என்று சொல்லி, ஒருவர் தார்ச்சாலைக்கு வந்து நின்று கை காட்ட வேண்டும். அதற்கு நம் வயதுக்காரர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

நூறு சாமான் அடங்கிய முதலுதவிப் பெட்டி என்று இணையத்தில் விற்கிறார்கள். என் மருமகன் ஒன்று வாங்கினான். திறந்து பார்த்தால் அறுபது பேண்ட்-எய்ட், காயத்தை மூடும் பெரிய காஸ் ஒன்றுகூட இல்லை. நான் மேலே சொன்னது அத்தனையும் ஒரு பழைய டிபன் பை அளவில் அடங்கும், எடை தண்ணீரைத் தவிர ஒரு கிலோகூட வராது. பாதிக்கு மேல் வீட்டிலேயே இருக்கிறது, மீதியைத் தெருமுனை மருந்துக்கடையில் வாங்கிவிடலாம். வருஷத்தில் இரண்டு தடவை, பொங்கலுக்கு ஒன்று ஆடிப்பெருக்குக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, பையைக் கொட்டிக் காலாவதித் தேதி பாருங்கள். துண்டைத் துவைத்துப் போடுங்கள். பஞ்சர் ஒட்டும் பசை டியூபை ஒருமுறை திறந்துவிட்டால், மூடி வைத்தாலும் சில மாதங்களில் உள்ளே காய்ந்து கட்டியாகிவிடும். அழுத்திப் பார்த்து வாங்கி வையுங்கள், பத்து இருபது ரூபாய்தான்.